தொண்ணூறு சென்டிமீட்டர் விருந்தாளி



கோடை விடுமுறை வந்துவிட்டால் பொழுதுபோக்குப் பூங்காக்களில் கூட்டம் அலைமோதுகிறது. அத்தை வீட்டார், சித்தப்பா வீட்டார் என்று ஒரு வேன் நிறைய ஆட்கள் கிளம்புவார்கள். அந்த வேனில் தவறாமல் ஒரு சிறு குழந்தையும் இருக்கும். வயது ஒன்றரையோ இரண்டோ. பெரியவர்கள் ராட்டினத்தில் ஏறப் போகும்போது, "கொஞ்ச நேரம் பாப்பாவைப் பார்த்துக்கோ" என்று யாரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள்? ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் படிக்கும் உங்களிடம்தான். ஆகவே இதைப் பெற்றோருக்கு எழுதாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

பூங்காவில் ஒவ்வொரு விளையாட்டின் வாயிலிலும் ஒரு பலகை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கரடியோ குரங்கோ கையை நீட்டிக்கொண்டு நிற்பதுபோல் அதில் படம் வரைந்திருக்கும். அந்தக் கைக்குக் கீழே தலை இருந்தால் உள்ளே விட மாட்டார்கள். வரிசையில் அரை மணி நேரம் காத்து நின்றவர்களுக்கு இந்தப் பலகையைக் கண்டால் எரிச்சல் வருகிறது. குழந்தையை நுனிக்காலில் நிற்கச் சொல்வது, தலைமுடியைத் தூக்கிக் கொண்டை போடுவது, தடித்த அடி வைத்த செருப்பை மாட்டுவது, எதுவும் பலிக்காவிட்டால் "நான் மடியில் வைத்துக்கொள்கிறேன், விடப்பா" என்று வாதாடுவது என்று பல தந்திரங்களை நான் கண்டிருக்கிறேன். பூங்கா முழுவதிலும் மிக நேர்மையான பௌதிகப் பாடம் அந்தப் பலகையில்தான் எழுதியிருக்கிறது என்பது என் கருத்து. அந்தப் பாடத்தை ஏமாற்ற முயல்வது யாருக்கும் நல்லதன்று. காரணங்களைச் சொல்கிறேன். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முதலில் ஒரு சிறு வரலாறு. வால்ட் டிஸ்னி தம் இரு பெண் குழந்தைகளையும் வார இறுதியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிரிஃபித் பூங்காவுக்கு அழைத்துப் போவது வழக்கமாம். குழந்தைகள் குதிரை ராட்டினத்தில் சுற்றுவார்கள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் இருந்தால் என்ன என்ற எண்ணம் அந்தப் பெஞ்சில்தான் பிறந்தது என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. நம் நாட்டில் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் சின்னமாக விளங்கிய யானைக்குட்டி அப்புவின் பெயரில், டெல்லியில் 1984-இல் 'அப்பு கர்' தொடங்கிற்று. அது 2008-இல் மூடப்பட்டது. அதற்குள் நாடெங்கும் இத்தகைய பூங்காக்கள் பெருகிவிட்டன.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். சேர்ந்து மகிழ என்று தொடங்கிய இடத்தில் இன்று பெரிய கவர்ச்சி எல்லாம் பெரிய உடம்புகளுக்காகவே செய்யப்பட்டவை. பல பூங்காக்களில் 85 அல்லது 90 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. இதைச் சலுகை என்று நினைக்கிறோம். அந்தக் குழந்தை ஏறக்கூடிய ராட்டினம் உள்ளே அதிகம் இல்லை என்பதைத்தான் அந்த இலவசச் சீட்டு சொல்லாமல் சொல்கிறது.

சிறிய மனிதன் அல்ல

இரண்டு வயதுக் குழந்தை சராசரியாக 86 சென்டிமீட்டர் உயரமும் ஏறக்குறைய 12 கிலோ எடையும் உடையது. நம்மில் பலர் குழந்தையைப் பெரிய மனிதனின் சிறிய பதிப்பு என்று எண்ணுகிறோம். புகைப்படத்தைச் சிறிதாக்குவதுபோல் உடலைச் சிறிதாக்க இயற்கை ஒப்புவதில்லை. 1638-இல் வெளிவந்த தம் கடைசிப் பெரு நூலில் கலிலியோ இதை விளக்கினார். நீளம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும், பருமன் எட்டு மடங்காகும். ஆகையால் ஒரே வடிவத்தைப் பெரிதாக்கினாலோ சிறிதாக்கினாலோ அதன் வலிமை, எடை, வெப்பம் எல்லாம் ஒரே விகிதத்தில் மாறுவதில்லை.

குழந்தையின் உருவமே வேறு. வளர்ந்தவருடைய தலை உயரத்தில் ஏழரையில் ஒரு பங்கு. இரண்டு வயதில் அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அந்தப் பெரிய தலையைத் தாங்கும் கழுத்துத் தசைகளோ இன்னும் முற்றவில்லை. பனங்காயை ஒரு மெல்லிய மூங்கில் குச்சியில் செருகி உலுக்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். தலை கனமாக இருப்பதால் குழந்தையின் ஈர்ப்பு மையமும் நம்மைவிட மேலே இருக்கிறது. நடக்கத் தொடங்கிய குழந்தை தொட்டதற்கெல்லாம் குப்புற விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது இந்த உடலை ராட்டினத்தில் ஏற்றுவோம்.

'கொலம்பஸ்' என்று எல்லோரும் அழைக்கும் அந்தப் பெரிய படகு ஊஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு தனி ஊசல்தான். கணக்கு எளிதாக இருக்க, படகின் நடுவில் அமர்ந்தவரை நினைப்போம். படகு செங்குத்திலிருந்து 60 பாகை வரை ஏறி இறங்குகிறது. ஆற்றல் அழிவின்மை விதியின்படி அடிப்புள்ளியில் வேகத்தின் வர்க்கம் 2gl(1 - cos 60°), அதாவது gl. இதை l-ஆல் வகுத்தால் மையநோக்கு முடுக்கம் சரியாக g. புவியீர்ப்பையும் சேர்த்தால் இருக்கை 2g அளவுக்கு உடலைத் தாங்க வேண்டும். 12 கிலோ குழந்தை அங்கே 24 கிலோ போல் கனக்கும். மேலே, அலைவின் உச்சியிலோ இருக்கை தாங்குவது g cos 60°, அதாவது பாதிதான். அங்கே குழந்தை 6 கிலோ. படகு 90 பாகை வரை போகுமானால் கீழே 36 கிலோ, உச்சியில் சூன்யம்!

கீழே கனக்கும்போது ஆபத்து என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். மடியில் இருக்கும் குழந்தைக்கு ஆபத்து மேலேதான் அதிகம். கீழே மடி தாங்கிக்கொள்ளும். குழந்தை மடியில் அழுந்தி இருக்கும். உச்சியிலோ அதை மடியோடு பிடித்து வைத்திருந்த எடையே போய்விடுகிறது. அப்போது ஒரு சிறு குலுக்கல் போதும், குழந்தை மடியைவிட்டுக் கிளம்பிவிடும். அந்த விநாடியில் அதைப் பிடித்து வைப்பது எது? மடியின்மீது வந்து விழும் இரும்புக் கம்பி.

அந்தக் கம்பியின் கதையையும் கேளுங்கள். இரண்டு பேர் அமரும் இருக்கைக்கு ஒரே கம்பி என்று வையுங்கள். கம்பி இறங்கி வந்து எங்கே நிற்கும்? பருத்த தொடை எதுவோ அதன்மேல் நிற்கும். அப்பாவின் தொடையில் கம்பி முட்டி நின்றுவிட்டால், பக்கத்தில் இருக்கும் குழந்தையின் மெலிந்த தொடைக்கும் கம்பிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கும். குழந்தை வழுக்கி வெளியே வர அது தாராளம். மடியில் வைத்துக்கொண்டாலோ நிலைமை இன்னும் மோசம். கம்பி குழந்தையின் வயிற்றில் அழுந்துகிறது, பின்னாலிருந்து அப்பாவின் உடல் தள்ளுகிறது. வரிசையில் நின்று வாதாடும் எந்தத் தந்தையும் கம்பி எங்கே போய் நிற்கும் என்று குனிந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

"வயதைக் கேட்காமல் உயரத்தை ஏன் அளக்கிறார்கள்?" என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. வயதுக்குச் சான்றிதழ் வேண்டும். அதைவிட முக்கியமாக, இரும்புக் கம்பிக்கு வயது தெரியாது. முதுகு சாய்மானத்தில் படிகிறதா, கால் தரையில் ஊன்றுகிறதா, தோள் தடுப்புக்கு எட்டுகிறதா என்பவை நீளத்தைப் பொறுத்தவை. ஆகவே நீளத்தை அளக்கிறார்கள். இதிலும் ஒரு குறை உண்டு. வளர்த்தியான குழந்தை கோட்டைத் தாண்டிவிடலாம். ஆனால் 'கம்பியைப் பிடித்துக்கொள், எழுந்திருக்காதே' என்றால் புரிந்துகொண்டு இரண்டு நிமிடம் அப்படியே இருக்கும் புத்தி அதற்கு வந்திருக்காது. எனவே கோட்டுக்குக் கீழே என்றால் கட்டாயம் கூடாது. கோட்டுக்கு மேலே என்றால் யோசிக்க வேண்டும். குழந்தை அழுதால் யோசிக்கவே வேண்டாம், இறங்கி வந்துவிடலாம்.

"நான் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்" என்று அம்மாக்கள் சொல்வதையும் கணக்கில் போட்டுப் பார்ப்போம். மோதும் கார்களில் ஒன்று விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போகிறது. அது விரைவாக நடப்பவருடைய வேகம்தான், பெரிதல்ல. பத்தில் ஒரு விநாடியில் மோதி நிற்கிறது. எதிர்முடுக்கம் 20 மீ/வி². அம்மாவின் கை 12 கிலோ குழந்தைக்குக் கொடுக்க வேண்டிய விசை 240 நியூட்டன். மோதல் எப்போது எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியாத நிலையில், ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் 24 கிலோ அரிசி மூட்டையைத் தாங்குவதற்குச் சமம் இது. எதிரெதிரே வந்து மோதித் துள்ளினால் விசை இன்னும் கூடும். அன்புக்கு அளவில்லை, கையின் தசைக்கு உண்டு.

சறுக்குமரம்

பெரிய ராட்டினங்களை விட்டுவிடுவோம். எல்லோரும் ஆபத்தில்லை என்று நம்பும் சறுக்குமரத்துக்கு வருவோம். குழந்தை தனியாகச் சறுக்கப் பயப்படுகிறது. உடனே அக்காவோ அண்ணனோ, சில சமயம் அப்பாவோ, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்குகிறார். இதைவிடப் பாதுகாப்பான காரியம் உண்டா என்று தோன்றும்.

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2002 முதல் 2015 வரை அந்த நாட்டில் சறுக்குமரங்களில் காயமுற்ற, 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் தொகை ஏறத்தாழ மூன்றரை லட்சம் என்று அதில் மதிப்பிட்டிருக்கிறார்கள். காயங்களில் முதலிடம் முழங்காலுக்குக் கீழ் ஏற்படும் எலும்பு முறிவுக்கு. வயதில் முதலிடம் 12 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு. அந்த வயதில் பல குழந்தைகள் இன்னொருவர் மடியில் சறுக்கியபோதுதான் கால் முறிந்தது என்பதே அவர்கள் கண்ட முடிவு.

மடியில் இருந்தால் கால் ஏன் முறிய வேண்டும்? உந்தம் என்ற ஒரு சொல்லில் விடை இருக்கிறது. சறுக்கும் வேகம் விநாடிக்கு 3 மீட்டர் என்று கொள்வோம். 12 கிலோ குழந்தை தனியே சறுக்கினால் உந்தம் 36 அலகு. அதன் ரப்பர் செருப்பு சறுக்குமரத்தின் பக்கச் சுவரில் உரசிச் சிக்கிக்கொண்டால், குழந்தை கொஞ்சம் திரும்பும், நிற்கும், அழும். அவ்வளவுதான். 60 கிலோ எடையுள்ள அப்பாவும் சேர்ந்தால் மொத்தம் 72 கிலோ. உந்தம் 216 அலகு. ஆறு மடங்கு! சிக்கிய இடத்தில் கால் நிற்கிறது. அப்பா நிற்கவில்லை. அவரை நிறுத்தவோ, தான் முறியவோ வேண்டிய பொறுப்பு சுண்டுவிரல் பருமனுள்ள ஓர் எலும்பின்மேல் விழுகிறது.

"எங்களை எல்லாம் அப்படித்தானே சறுக்கினார்கள், எங்களுக்கு என்ன ஆயிற்று?" என்பார்கள் வீட்டில். லாட்டரியில் பணம் போகாதவர் யாரும் இல்லை என்று பரிசு பெற்றவர் ஒருவர் மட்டும் சொன்னால் ஒப்புவோமா? அதுபோலத்தான் இதுவும். கால் முறியாதவர்களின் சாட்சியத்தை மட்டும் வைத்துக் கணக்கு எழுத முடியாது. பாப்பா ஆசைப்பட்டால் அதன் உயரத்துக்கு ஏற்ற சிறு சறுக்குமரத்தில், செருப்பைக் கழற்றிவிட்டுத் தனியாக விடுங்கள். நீங்கள் பக்கத்தில் கூடவே நடந்து வாருங்கள். பயந்தால் சறுக்க வேண்டாம். அடுத்த ஆண்டும் சறுக்குமரம் அங்கேதான் இருக்கும். உட்காரும் முன் பலகையில் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மே மாத வெயிலில் தகரச் சறுக்குமரம் தோசைக்கல்லுக்கு இளைத்ததன்று.

வெயில் என்றதும் ஹால்டேன் நினைவுக்கு வருகிறார். ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற உயிரியல் அறிஞர் 1926-இல் உயிர்களின் உருவ அளவைப்பற்றி ஓர் அருமையான கட்டுரை எழுதினார். 1957-இல் இந்தியாவுக்கு வந்து தங்கி, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தவர் அவர். நூலகத்தில் கிடைத்தால் அந்தக் கட்டுரையைத் தேடிப் படியுங்கள். சிறிய உடலுக்கு அதன் எடையைக் காட்டிலும் தோல் அதிகம் என்பது அதில் வரும் செய்திகளில் ஒன்று. நம் பாப்பாவுக்கு இதைப் பொருத்துவோம். 60 கிலோ மனிதரின் தோற்பரப்பு சுமார் 1.65 சதுர மீட்டர். கிலோ ஒன்றுக்கு 275 சதுர சென்டிமீட்டர். 12 கிலோ குழந்தைக்குச் சுமார் 0.53 சதுர மீட்டர். கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 440. ஒன்றரை மடங்குக்கும் மேல்! சுற்றுப்புறம் உடலைவிடச் சூடாக இருந்தால் அத்தனை வாசல் வழியாகவும் வெப்பம் உள்ளே வருகிறது. வியர்வையும் குழந்தைக்கு நம் அளவுக்குச் சுரப்பதில்லை. நீர் விளையாட்டிலிருந்து எடுத்தவுடன் பாப்பாவின் உதடு நடுங்குவதும் இதே காரணத்தால்தான். அப்போது வெப்பம் அதே வாசல்கள் வழியே வெளியே ஓடுகிறது.

இன்னொரு சங்கதி. வானிலை நிலையத்தில் வெப்பநிலையை எங்கே அளக்கிறார்கள் தெரியுமா? ஸ்டீவன்சன் பெட்டி என்னும் வெண்ணிறச் சட்டப்பெட்டிக்குள், தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், நிழலில் அளக்கிறார்கள். (பெட்டியை அமைத்த தாமஸ் ஸ்டீவன்சன், 'புதையல் தீவு' எழுதிய கதாசிரியரின் தந்தை!) ஆகவே செய்தியில் 38 டிகிரி என்றால் அது உங்கள் மூக்கின் உயரத்துக்கான செய்தி. பாப்பாவின் மூக்கு முக்கால் மீட்டரில் இருக்கிறது. வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரைக்கு நெருங்க நெருங்கக் காற்று சூடாகிறது. தரையிலிருந்து எழும் வெப்பக் கதிரும் அங்கேதான் அதிகம். பக்கத்தில் கைகோத்து நடக்கும் நீங்களும் பாப்பாவும் இரண்டு வேறு ஊர்களில் நடக்கிறீர்கள் என்றே சொல்லலாம். உங்களுக்குத் தாகம் எடுக்கும் முன்பே அதற்குத் தண்ணீர் கொடுங்கள்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒலிபெருக்கிக்கு உள்ள தூரம் பாதியானால் ஒலிச்செறிவு நான்கு மடங்காகும். கூட்டத்தில் நன்றாகத் தெரியட்டும் என்று பாப்பாவைத் தோளில் ஏற்றும்போது, கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியின் வாயருகே அதன் காதைக் கொண்டுபோகிறோம்.

தண்ணீரைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சாண் ஆழமுள்ள தண்ணீரில்கூட இந்த வயதுக் குழந்தை மூழ்கிவிடும். தலை கனம், மையம் மேலே, கையில் வலுவில்லை; குப்புற விழுந்தால் தலையைத் தூக்க முடியாது. மூழ்கும் குழந்தை சினிமாவில் வருவதுபோல் கத்துவதில்லை, கையை ஆட்டுவதில்லை. சத்தமில்லாமல் போய்விடும். ஆகவே தண்ணீருக்கு அருகில் பாப்பாவைப் பார்த்துக்கொள்வது என்றால் ஒரு கை எட்டும் தூரத்தில், செல்பேசியைப் பையில் போட்டுவிட்டுப் பார்ப்பது என்று பொருள். உங்களிடம் ஒப்படைத்தால் அதைச் செய்யுங்கள். செய்ய முடியாதென்றால் "எனக்கு முடியாது" என்று பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அப்படியானால் பாப்பாவை வீட்டிலேயே விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் தங்கை குடும்பத்தோடு சென்னைக்குத் தெற்கே உள்ள ஒரு பூங்காவுக்குப் போயிருந்தேன். தங்கை மகளுக்கு அப்போது இரண்டு வயது. தேநீர்க் கோப்பை ராட்டினத்தின் வாயிலில் ஊழியர் அவளைத் தடுத்துவிட்டார். என் தங்கை கணவருக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அந்த ஊழியருக்குப் பத்தொன்பது, இருபது வயதிருக்கும். பின்னால் நின்றவர்களும் சேர்ந்து கத்த, அவர் வேர்த்து விறுவிறுத்து, ஆனாலும் "முடியாது சார்" என்று நின்றார். நான் அவரை மெச்சிக்கொண்டேன். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நானும் என் அம்மாவும் ஒரு வேப்பமரத்தடிக்குப் போனோம். அங்கே ஒரு குடிநீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

பாப்பா ஒரு காகிதக் குவளையைப் பொறுக்கிக் குழாயின் கீழ் வைத்தாள். சொட்டு விழும் சத்தம் கேட்டது. குவளையில் நீர் ஏற ஏறச் சத்தம் மாறியது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நீரைக் கொட்டிவிட்டு மறுபடி வைத்தாள். பிறகு குவளையை எடுத்துவிட்டுக் கையை நீட்டினாள். சொட்டு உள்ளங்கையில் பட்டுச் சிதறியது. கையை மேலே கொண்டுபோனாள், கீழே கொண்டுவந்தாள். மேலே சிதறல் குறைவு, கீழே அதிகம். பிறகு ஒரு கூழாங்கல், ஒரு வேப்பம்பழம், இரண்டையும் குவளையில் போட்டாள். நாற்பது நிமிடம் போனதே தெரியவில்லை. "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? வீட்டிலதான் குழாய் இருக்கே!" என்றார் என் அம்மா.

அம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாப்பா அங்கே சும்மா இருக்கவில்லை. ஸ்விட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே தம் மூன்று குழந்தைகளையே ஆண்டுக்கணக்கில் கவனித்துக் குறிப்பெழுதியவர். ஒரு வயதைத் தாண்டிய குழந்தை ஒரே செயலைச் சிறிது சிறிதாக மாற்றி மாற்றிச் செய்து என்ன நடக்கிறது என்று பார்ப்பதை அவர் விவரித்திருக்கிறார். பொருளை உயரத்திலிருந்து போடுகிறது, பக்கத்திலிருந்து போடுகிறது, எங்கே விழுகிறது என்று பார்க்கிறது. பெரியவர்கள் இதைக் குறும்பு என்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் நாம் ஒரு காரணியை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைக்கிறோமே, அதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. என்னிடம் பட்டப்படிப்புக்கு வரும் மாணவர்கள் சிலருக்கு ஒரே அளவீட்டை மூன்று முறை எடுக்கச் சொன்னால் முகம் சுளிக்கிறது. அந்தப் பாப்பா முப்பது முறை எடுத்தாள்!

பெரியவர்கள் பாப்பாவுக்காகப் பூங்காவுக்குப் போவதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். உண்மையில் தங்களுக்காகப் போகிறார்கள். அதில் தவறில்லை. உழைத்துக் களைத்தவர்களுக்கு ஒரு நாள் விளையாட்டு வேண்டியதுதான். ஆனால் 'கொடுத்த காசுக்குப் பாப்பாவும் எல்லாவற்றிலும் ஏற வேண்டும்' என்று கணக்குப் பார்க்கத் தொடங்கும்போதுதான் வம்பு வருகிறது. பாப்பா பணம் கட்டி வரவில்லை. அதற்குப் பொம்மை ரயிலில் ஒரு சுற்று, மெல்லச் சுழலும் குதிரை ராட்டினத்தில் ஒரு சுற்று, நிழலில் ஒரு தூக்கம், ஒரு குழாயடி ஆகியவை தாராளம்.

பூங்கா நடத்துகிறவர்களுக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். குடிநீர்க் குழாய் பெரியவர் இடுப்புக்கு எட்டும் உயரத்தில் மட்டும் ஏன் இருக்க வேண்டும்? வரிசை நிற்கும் இடத்தில் கூரை போட்டால் என்ன? கோடிக்கணக்கில் செலவிட்டு ராட்டினம் நிறுவுகிறவர்கள், அதைச் சுற்றியுள்ள தரையில் புல் வளர்க்கத் தயங்குவது எனக்கு விளங்கவில்லை. உயர அளவு பார்க்கும் வேலையைத் தனியே ஓர் இளைஞரின் தலையில் கட்டிவிட்டு, சத்தம் போடுகிறவர்களிடம் அவரை விட்டுவிடுவதும் நியாயமில்லை. ஒருமுறை வாயிலிலேயே அளந்து, குழந்தையின் கையில் நிறப்பட்டை கட்டிவிட்டால் பாதி வாதம் குறைந்துவிடும். அதுவரை, அந்த இளைஞர் "முடியாது" என்று சொல்லும்போது வரிசையில் நிற்கும் நீங்கள் "அவர் சொல்வது சரிதான் சார்" என்று ஒரு குரல் கொடுக்கலாம். கொலம்பஸின் கணக்கு இப்போது உங்களுக்குத் தெரியும்.

பூங்காவுக்குப் போக வாய்ப்பில்லாதவர்கள் வருந்த வேண்டாம். மூன்று சாதாரண வெப்பமானிகளைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு நீண்ட மூங்கில் கழியில் 15 சென்டிமீட்டர், 75 சென்டிமீட்டர், 150 சென்டிமீட்டர் உயரங்களில் கட்டுங்கள். நேர்வெயில் குமிழில் படாமல் ஒவ்வொன்றுக்கும் வெள்ளை அட்டையால் ஒரு சிறு கூரை செய்யுங்கள். காற்று மட்டும் தாராளமாகப் போய்வர வேண்டும். பள்ளியின் சிமெண்டு முற்றத்தில் நண்பகலில் கழியை நட்டு, கால் மணி நேரம் கழித்து மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அதையே புல்தரையிலும் மர நிழலிலும் செய்யுங்கள். பிறகு அன்றைய வானிலைச் செய்தி உங்கள் ஊருக்குச் சொன்ன வெப்பநிலையைப் பக்கத்தில் எழுதுங்கள். கழியில் கட்டும் முன், உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள பாப்பாவைச் சுவரோரம் நிற்க வைத்து அதன் மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். நடு வெப்பமானி அந்த உயரத்தில் இருக்க வேண்டும்.